வசனத்தைக் கடைசியில் எழுதுங்கள்

பழைய தமிழ்ப் படங்களின் தொடக்க எழுத்துகளில் கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்று பொறுப்புகள் தனித்தனியே வரும். பல படங்களில் மூன்றுக்கும் மூன்று பெயர்கள் இருக்கும். பிரெஞ்சு சினிமாவிலும் வெகுகாலம் இதே வழக்கம் இருந்தது. கதையை ஒருவர் அமைப்பார், பாத்திரங்கள் பேசுவதை எழுத இன்னொருவரைக் கூப்பிடுவார்கள். மிஷெல் ஓடியார் போன்ற வசனகர்த்தாக்கள் நடிகர்களுக்கு நிகரான புகழோடு இருந்தார்கள். மொன்றியலில் இருந்துகொண்டு தமிழில் படமோ இணையத் தொடரோ எழுத நினைப்பவருக்குப் பின்னால் இந்த இரண்டு மரபுகளும் நிற்கின்றன, இரண்டுமே வசனத்துக்குத் தனி மேடை போட்டுத் தந்தவை. அதனால்தான் இங்கே எழுதத் தொடங்குகிறவர்களில் பலரும் பேச்சிலிருந்தே தொடங்குகிறார்கள். மனதில் ஒரு நல்ல வரி வரும், அதைச் சொல்ல ஒரு பாத்திரம் வரும், அதைக் கேட்க இன்னொரு பாத்திரம் வரும். பத்துப் பக்கம் ஓடிய பிறகுதான் கதை எங்கே போகிறது என்ற கேள்வி எழும். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறது. வசனம் முக்கியமில்லை என்பது இதன் பொருளல்ல. ஒரு வரிக்கு வலு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், அந்த வரிக்கு முன்பே கதை செய்து வைத்த ஓர் ஏற்பாட்டில் போய் முடிகிறது. யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது என்பதே அந்த ஏற்பாடு. கதைப்பின்னல் என்று நான் இங்கே சொல்வது இதைத்தான். சம்பவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கதைப்பின்னல் ஆகாது.

வசனத்தை அடியோடு ஒதுக்கும் குரல் ஒன்று இதே மாகாணத்திலிருந்து வந்திருக்கிறது. கியூபெக்கில் பிறந்த இயக்குநர் டெனி வில்னெவ், ‘டூன்’ இரண்டாம் பாகம் வெளியான 2024-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்குத் தந்த நேர்காணலில் தனக்கு வசனமே பிடிக்காது என்றார். அது நாடகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் உரியது என்றும், ஒரு படம் தன் நினைவில் தங்குவது அதன் காட்சியால்தான், நல்ல வரியால் அல்ல என்றும் சொன்னார். இதைப் புறந்தள்ள முடியாது. சொன்னவர் தன் கொள்கையைப் படங்களில் செய்து காட்டியவர். 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியல் பொலிடெக்னிக் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டதைப் பற்றி 2009-இல் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் பேச்சு மிகக் குறைவு. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த ‘இன்சென்டீஸ்’ படத்தை வைத்தே அவருக்குப் பதில் சொல்லலாம். (படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மீதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) லெபனானில் பிறந்து, போரால் புலம்பெயர்ந்த குடும்பத்தோடு பதின்ம வயதில் மொன்றியல் வந்து சேர்ந்த வஜ்டி முவாவத் எழுதிய நாடகம் அது. நீண்ட தனிப்பேச்சுகளால் ஆன அந்த நாடகத்திலிருந்து வில்னெவ் பேச்சின் பெரும்பகுதியை வெட்டிவிட்டார். இறந்துபோன தாய் தன் இரட்டைப் பிள்ளைகளிடம் இரண்டு கடிதங்களை விட்டுச் செல்கிறாள். ஒன்று அவர்கள் கண்டிராத தகப்பனுக்கு, மற்றது இருப்பதாகவே தெரியாத அண்ணனுக்கு. படம் முழுவதும் அந்த இருவரைத் தேடும் பயணம்தான். உச்சத்தில், உண்மையை அறிந்துவிட்ட மகன், கணிதம் படித்த தன் இரட்டைச் சகோதரியிடம் ஒரேயொரு கேள்வி கேட்கிறான். ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஒன்றாகவே இருக்க முடியுமா என்கிறான். அவளுக்கும் பார்க்கிற நமக்கும் ஒரே கணத்தில் புரிகிறது. வசனத்தை வெறுக்கிறேன் என்பவரின் படத்தில் அத்தனை காட்சிகளின் பாரத்தையும் ஒரு சின்ன வாக்கியம் தாங்கி நிற்கிறது. அந்த வாக்கியத்தைத் தனியே எடுத்து ஒரு தாளில் எழுதினால் அதில் எந்த அழகும் இல்லை, சிறுபிள்ளையின் கணக்குக் கேள்விதான். இரண்டு மணி நேரக் கதை அவர்கள் இருவருக்கும் எதைத் தெரியாமல் வைத்திருந்ததோ, அதுதான் அந்தக் கேள்விக்கு வலு தந்தது.

தமிழ் வாசகர் உடனே எழுப்பக்கூடிய மறுப்பு இதற்கு எதிர்த் திசையிலிருந்து வரும். எங்கள் சினிமாவை வசனம்தானே தூக்கி நிறுத்தியது என்பார். 1952-இல் வந்த ‘பராசக்தி’யின் கதையை மறந்தவர்களுக்கும் நீதிமன்றப் பேச்சு மனப்பாடம். ‘திருவிளையாடல்’ ஒலிநாடாவைக் கேட்டே வளர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மதுரையிலும் உண்டு. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று படத்தின் குரலை மட்டும் ஒலிபரப்பினார்கள், மக்களும் அதைக் கூடியிருந்து கேட்டார்கள். காட்சியே இல்லாமல் குரல் மட்டும் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். காட்சி இல்லாமலும் அவை நின்றன என்பது உண்மைதான். கதைப்பின்னல் இல்லாமல் நின்றனவா என்பதுதான் நம் கேள்வி. ‘பராசக்தி’யில் மு. கருணாநிதி எழுதிய வரிகளின் ஓசைநயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த நீதிமன்றத்தில் நீதிபதியின் இருக்கையில் இருப்பவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். ரங்கூனிலிருந்து வந்த சகோதரர்களில் ஒருவர் அவர். தன் குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு எதிரே நிற்கும் கல்யாணி தன் சொந்தத் தங்கை என்பது அவருக்குத் தெரியாது. அவள் பேசப் பேச அது தெரிந்து மயங்கி விழுகிறார். அதன் பிறகுதான் அவருடைய தம்பி குணசேகரன் கூண்டில் ஏறுகிறான். சமூகத்தை நோக்கி அவன் வீசும் ஒவ்வொரு வாக்கியமும் அண்ணன் முன்னால் தம்பி வைக்கும் முறையீடாகவும் ஆகிவிடுகிறது. நமக்கு முன்பே தெரிந்த ஒன்று அங்கே இருப்பவர்களுக்கு மெல்லத் தெரியவருவதைப் பார்க்கிறோம். இதே பேச்சை ஒரு பொதுக்கூட்ட மேடையில் குணசேகரன் பேசியிருந்தால் அது நல்ல சொற்பொழிவாக இருந்திருக்கும், காட்சியாக இருந்திருக்காது.

‘திருவிளையாடல்’ படத்தின் தருமி காட்சி இதைவிடத் துலக்கமான சான்று. 1965-இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தில் நாகேஷும் சிவாஜி கணேசனும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்வதை எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை. ஏன் அலுப்பதில்லை? தருமிக்கு ஆயிரம் பொன் வேண்டும், பாட்டு எழுத வராது. எதிரே வந்து நிற்பவர் யார் என்று அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கடவுளிடமே புலமையைச் சோதித்துப் பார்க்கிறான், கடவுளிடமே சந்தேகப்படுகிறான். அவனுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு காதுகளோடு கேட்கிறோம். ஒரு காதில் அவன் நினைப்பது விழுகிறது, மறு காதில் உண்மை நிலவரம் விழுகிறது. இந்த இடைவெளியை எடுத்துவிட்டால் அது இரண்டு பேர் விடுகதை போட்டுக்கொள்ளும் காட்சியாகிவிடும். கிரேஸி மோகன் வசனம் எழுதி 1990-இல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தின் சொல்விளையாட்டுகளும் இப்படித்தான் வாழ்கின்றன. ஒரே முகத்தில் நான்கு பேர் இருப்பது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கணக்கு பிசகாமல் ஓடுவதால்தான் அங்கே ஒவ்வொரு குழப்பமும் சிரிப்பாகிறது.

கதையே இல்லாமல் பேச்சை மட்டும் நம்பி எடுத்த படங்கள் வென்றதில்லையா என்று கேட்பவர்கள் மொன்றியலில் முதலில் சுட்டுவது டெனி அர்க்கான் 1986-இல் எடுத்த ‘அமெரிக்கப் பேரரசின் வீழ்ச்சி’யைத்தான். பல்கலைக்கழக வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவர்களும் அவர்களின் நண்பர்களும் ஒரு நாள் முழுக்கப் பேசுகிறார்கள், படம் அவ்வளவுதான். ஆண்கள் ஏரிக்கரை வீட்டில் இரவு விருந்துக்குச் சமைத்துக்கொண்டே பேசுகிறார்கள். பெண்கள் நகரத்து உடற்பயிற்சிக் கூடத்தில் பேசுகிறார்கள். பேச்சின் பொருள் பெரும்பாலும் யாருக்கு யாரோடு உறவு இருந்தது என்பதுதான். துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. ஆனால் அர்க்கான் செய்திருக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். இரண்டு கூட்டமும் தனித்தனியே பேசுவதை நாம் மாறி மாறிக் கேட்கிறோம். அதனால் விருந்து தொடங்கும் முன்பே, ரெமி என்ற பேராசிரியரின் மனைவி லூயிஸுக்குத் தெரியாத பலவும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. மேசையைச் சுற்றி எல்லாரும் உட்காரும்போது, அந்த மேசையில் உண்மை தெரியாதவள் அவள் ஒருத்திதான் என்பதும் தெரிகிறது. அதன் பிறகு உப்பை எடு என்று யாராவது சொன்னால்கூட நெஞ்சு பதறுகிறது. இரவில், நூலெழுதிய ஒரு பெண்ணின் கருத்தை லூயிஸ் மறுத்துப் பேச, அந்தப் பெண் ரெமியோடு தனக்கிருந்த உறவை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறாள். ஒரே வரியில் ஒரு திருமணம் உடைகிறது. பேச்சுப் படம் என்று பெயர் வாங்கிய அந்தப் படத்தில் பேச்சே கதைப்பின்னலின் வேலையைச் செய்கிறது. அதே பாத்திரங்களை மீண்டும் கொண்டுவந்து 2003-இல் அர்க்கான் எடுத்த ‘காட்டுமிராண்டிகளின் படையெடுப்பு’ கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசையும், மறு ஆண்டு பிறமொழிப் படத்துக்கான ஒஸ்காரையும் வாங்கியது. பேச்சாலேயே ஆன படத்துக்குத் திரைக்கதைப் பரிசு கிடைத்ததில் முரண் ஒன்றுமில்லை.

இந்த இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்த தமிழர் மகேந்திரன். சிவாஜி கணேசன் முழங்கிய ‘தங்கப்பதக்கம்’ (1974) படத்துக்கு வசனம் எழுதியவர், ஐந்து ஆண்டுகளில் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்த படம் அது. அதில் பாத்திரங்கள் பேசுவது மிகக் குறைவு. கடைசியில் ஊரார் கூடி, கதையின் மையப் பாத்திரமான சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கச் சொல்கிறார்கள். அதுவரை தன்னைத் தவிர யாரையும் எண்ணாத அவன், தன்னைப் போலவே அவர்களையும் கெட்டவர்களாக்கிவிட்டதுதான் தான் செய்த தவறுகளிலேயே பெரியது என்கிற பொருளில் சொல்லிவிட்டு இறங்குகிறான். ஊராருக்குத் தங்களைப் பற்றித் தெரியாதிருந்த ஒன்றை, அவர்கள் வெறுத்தவனே சொல்லிவிட்டுப் போகிறான். தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வசனங்களில் ஒன்றாக அதைச் சொல்வேன். படம் நெடுகப் பேச்சைச் சேமித்து வைத்திருக்காவிட்டால் அது இவ்வளவு ஆழத்தில் இறங்கியிருக்காது.

பேச்சே இல்லாமல் கதைப்பின்னலால் மட்டும் ஒரு படம் நிற்க முடியும் என்பதை 1987-இல் சிங்கீதம் சீனிவாசராவின் ‘பேசும் படம்’ காட்டிவிட்டது. அதைக் கொண்டு பேச்சு வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். ஆனால் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

தொலைக்காட்சிக்கு வந்தால் நிலைமை வேறு, அதற்குக் காரணம் பெரும்பாலும் பணமும் நேரமும்தான். ஒரு நிகழ்ச்சியைக் காட்ட இடம், ஆட்கள், வெளிச்சம், நாட்கள் வேண்டும். இரண்டு பேர் ஓர் அறையில் நின்று பேச ஒரு பிற்பகல் போதும். கனடாவின் பிரெஞ்சு மொழிப் பொது ஒளிபரப்பான ராடியோ-கனடாவில் 2016 முதல் 2022 வரை திங்கள் தொடங்கி வியாழன் வரை ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் ஓடிய ‘டிஸ்ட்ரிக்ட் 31’ தொடரைப் பாருங்கள். லூக் தியோன் எழுதிய அந்தப் பொலிஸ் கதையில் பெரும்பகுதி அறைகளுக்குள் நடக்கும் பேச்சு. அந்த வேகத்தில் எடுக்கும் எந்தத் தொடரும் பேச்சை நம்பித்தான் ஆக வேண்டும். இருந்தும் மக்கள் ஆறு பருவங்கள் கூடவே இருந்தார்கள். விசாரணை அறை என்பதே அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் நடுவே போட்ட மேசைதான். சந்தேக நபருக்கு எது தெரியும், அவருக்கு எது தெரியும் என்று துப்பறிவாளருக்கு எவ்வளவு தெரியும், இரண்டையும் நாம் எவ்வளவு அறிவோம் என்ற மூன்று அடுக்கும் அங்கே எப்போதும் இருக்கும். நம்முடைய தொடர்கள் பலவற்றில் இதே சிக்கனம் வேறு பலனைத் தருகிறது. நேற்று நடந்ததை, அது நடந்தபோது கூடவே நின்றவரிடம், இன்று ஒரு பாத்திரம் திரும்பவும் விரித்துச் சொல்கிறது. திடீர்த் திருப்பங்களுக்கு அங்கே குறைவில்லை. குறைவு என்னவென்றால், ஒருவர் பேசி முடித்த பிறகும் கேட்டவரின் அறிவு முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறது. வசனம் அதிகமாக இருப்பதை நோயாக எண்ணி வெட்டிக்கொண்டே போனால் தொடர் குறுகும், குணமாகாது.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் மேலாக எனக்குக் கனமாகத் தெரியும் மறுப்பு ஒன்று உண்டு. புலம்பெயர்ந்த மண்ணில் நம் பேச்சைத் திரையில் கேட்பதே ஒரு பயன் அல்லவா? ஒரு பாட்டி இருபது நிமிடம் ஊர்ப் பேச்சுப் பேசுவதைப் பதிவு செய்துவிட்டால், அதில் கதை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அந்தப் பேச்சுதான் நாளை கிடைக்காது. இந்த உணர்வை நான் முழுமனதோடு மதிக்கிறேன். இதே உணர்வோடு வேலை செய்தவர்கள் இந்த மாகாணத்திலேயே இருந்தார்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1956-இல் ஒட்டாவாவிலிருந்து மொன்றியலுக்கு இடம்பெயர்ந்த பிறகு, தூக்கிச் செல்லக்கூடிய கமெராவும் ஒலிப்பதிவுக் கருவியுமாக இளைஞர்கள் மக்களின் வாய்ப்பேச்சைத் தேடிப் போனார்கள். பியேர் பெரோவும் மிஷெல் பிரோவும் 1963-இல் தந்த ‘பூர் லா சுயித் டு மோந்த்’ செயின்ட் லோரன்ஸ் ஆற்றுத் தீவொன்றின் மக்களைப் பற்றியது. அந்தத் தீவுக்காரர்களின் பேச்சழகுதான் பெரோவை அங்கே இழுத்தது. ஆனால் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசுங்கள் என்று அவர் கேட்கவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிட்டுவிட்ட வெள்ளைத் திமிங்கிலப் பிடிப்பைத் திரும்பச் செய்து பார்க்கும்படி தூண்டினார். ஆற்றுக்குள் கம்புகளை எங்கே நட வேண்டும், இந்த முறை யாருடையது, பழைய தலைமுறை எப்படிச் செய்தது என்று கிழவர்களும் இளைஞர்களும் வாதிட வேண்டியதாயிற்று. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே ஒரு வேலை வந்து விழுந்ததும் பேச்சு தானாகப் பெருகியது. ஊர்ப் பேச்சைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பாட்டியிடம் ஊரைப் பற்றிக் கேட்பதைவிட, ஒடியற்கூழ் காய்ச்சத் தெரியாத பேத்தியை அடுப்படியில் அவருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இனி மொன்றியல் தமிழர் கையிலேயே இருக்கும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1977-இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி இங்கே குடியேறுவோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். பார்க்-எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டெ-நேஜிலோ ஒரு தமிழ் வீட்டில் பெற்றோரிடம் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் இருக்கும், பிள்ளைகளிடம் பிரெஞ்சும் ஆங்கிலமும் அளவு குறைந்த தமிழும் இருக்கும். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். யாருக்கு எது தெரியும் என்ற ஏற்பாட்டை வேறு ஊர் எழுத்தாளர் சிரமப்பட்டுக் கட்ட வேண்டும். இங்கே அது ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. இதன் வலுவை உலகத்துக்குக் காட்டிய படம் 2015-இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’. அதை இயக்கிய ழாக் ஓடியார், முதற்பத்தியில் நாம் கண்ட மிஷெல் ஓடியாரின் மகன். பிரான்ஸின் புகழ்பெற்ற வசனகர்த்தா ஒருவரின் பிள்ளை, தனக்குத் தெரியாத தமிழில் பெரும்பகுதி பேசப்படும் ஒரு படத்தை எடுத்தார். எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் முதன்மை வேடத்தில் நடித்தார். ஒருவருக்கொருவர் உறவில்லாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் இறந்தவர்களின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பமாகப் பிரான்ஸுக்குள் நுழைகிறார்கள் என்பதே கதையின் வித்து. இதை ஒருமுறை போட்டுவிட்டதும், அம்மா என்று அந்தச் சிறுமி ஓர் அதிகாரியின் முன்னால் கூப்பிட்டால்கூட அது பொய்யாகவும் ஏக்கமாகவும் ஒரே சமயத்தில் ஒலிக்கிறது. சிறுமி பள்ளியில் பிரெஞ்சு கற்று, பெரியவர்கள் இருவருக்கும் வாயாகிறாள். இயக்குநருக்குத் தெரியாத மொழியிலும் வசனம் இவ்வளவு நன்றாக வேலை செய்ததற்குக் காரணம், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கதை தன் பங்கைச் செய்து முடித்திருந்ததுதான்.

செய்து பார்க்க ஓர் எடுத்துக்காட்டை அமைப்போம். மொன்றியலில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30-இல் முடிந்து, ஜூலை 1 அன்று நகரமே வீடு மாறும். ஓராண்டு ஒப்பந்தத்தில் வாடகையைக் கூட்ட விரும்பும் வீட்டுக்காரர், அது முடிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். இது சட்டம், கதைக்கு ஒரு கடிகாரமும்கூட. ஒரு பெப்ரவரி மாலை தாய் வேலையால் வருகிறாள். தபாலில் பிரெஞ்சுக் கடிதம் வந்திருக்கிறது. பதின்மூன்று வயது மகள் வாசிக்கிறாள். வாடகை கூடினால் ரொறன்ரோவுக்கு மாமாவின் பக்கம் போய்விடலாம் என்று தாய் தொலைபேசியில் யாருக்கோ சொன்னதை மகள் முந்தைய காட்சியில் கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது தாய்க்குத் தெரியாது. இப்போது எழுதலாம். “என்னவாம் பிள்ளை?” “ஒண்டுமில்லை அம்மா, படியளுக்குப் பெயின்ற் அடிக்கப் போகினமாம்.” “உவ்வளவு எழுதிக் கிடக்கு, உதுதானோ?” “பிரெஞ்சில எல்லாம் நீட்டித்தான் எழுதுவினம்.” நான்கே வரிகள், எதிலும் அலங்காரம் இல்லை, ஆனால் ஒரு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. இதையே வசனத்திலிருந்து தொடங்குபவர் எப்படி எழுதுவார் என்றும் பாருங்கள். “பிள்ளை, நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருசமாகுது. வாடகை கூடினால் மாமா வீட்டுப் பக்கம் போவம் எண்டு நினைக்கிறன். உன்ரை சிநேகிதப்பிள்ளையளை விட்டிட்டு வர உனக்கு விருப்பமில்லை எண்டும் எனக்குத் தெரியும்.” பார்ப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். ஆனால் தாய்க்கு மகளின் மனம் தெரிந்துவிட்டதால் அந்தப் பொய்க்கு இனி இடமில்லை, கதையும் அங்கேயே நின்றுவிடும். விளக்கம் சொல்லும் வசனம் அலுப்பூட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. அது மறைத்து வைக்க வேண்டியதைக் கொட்டிக் கதையின் எரிபொருளையே தீர்த்துவிடுகிறது என்பதுதான் பெரிய குறை.

ஆகவே ஒரு காட்சியை எழுத உட்காரும்போது, முதலில் அதில் இருக்கும் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது என்ன அறிவார், வெளியே போகும்போது என்ன அறிவார் என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கும் அதேபோல இரண்டு வாக்கியம் எழுதுங்கள், அவரும் அந்த அறையில் இருக்கும் ஓர் ஆள்தான். எவருடைய நிலையும் மாறவில்லையென்றால், அந்தக் காட்சியில் எவ்வளவு அழகான பேச்சு வரப்போவதாக இருந்தாலும் எழுத வேண்டாம். அடுத்து, பேச்சே இல்லாமல் காட்சியை எழுதிப் பாருங்கள். கடிதத்தை மகள் எப்படி மடிக்கிறாள், எங்கே வைக்கிறாள், தாய் எப்போது அடுப்பை நிறுத்துகிறாள் என்று எழுதுங்கள். இப்படி எழுதும்போது பாதிக் காட்சி பேச்சில்லாமலே முடிந்துவிடும், அந்த அளவுக்கு வில்னெவ் சொன்னது சரிதான். மீதியில், பேசாமல் ஆகவே ஆகாது என்ற இடத்தில் மட்டும் வாயைத் திறக்கவிடுங்கள். துணைத்தலைப்பையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள், படத்தொகுப்பாளரிடம் விட்டுவிட வேண்டாம். அந்தக் கடிதத்தை அண்மைக் காட்சியில் காட்டினால் மொன்றியல் பார்வையாளர் தானே வாசித்து மகளின் பொய்யை உடனே கண்டுகொள்வார், சென்னையில் பார்ப்பவர் தாயோடு சேர்ந்து ஏமாறுவார். ஒரே காட்சி இரண்டு ஊரில் இரண்டு கதையாகிறது. கடிதத்தின் வாசகத்துக்குத் தமிழில் துணைத்தலைப்புப் போட்டால் ஒரு மாதப் பதற்றத்தை இருவருக்கும் தருகிறீர்கள். கடிதத்தைக் காட்டாமலே விட்டால் ஒரு மாதம் கழித்து இருவருக்கும் அதிர்ச்சியைத் தருகிறீர்கள். எது வேண்டும் என்பது உங்கள் கதையைப் பொறுத்தது. எனக்குப் பதற்றமே பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அது தாயும் மகளும் சிரித்துப் பேசும் சாதாரணக் காட்சிகளுக்குக்கூட உயிர் கொடுக்கும்.

கடைசியாக எந்தத் தமிழில் எழுதுவது என்ற கேள்வி. 1968 ஆகஸ்டில் மொன்றியலின் ரிடோ வேர் அரங்கில் மிஷெல் திரெம்ப்ளேயின் ‘லெ பெல் சேர்’ மேடையேறியபோது, தொழிலாளர் குடியிருப்புப் பெண்கள் வீட்டில் பேசும் பிரெஞ்சை அப்படியே மேடையில் பேசவிட்டதற்காகப் பெரிய சச்சரவு எழுந்தது. இன்று கியூபெக் நாடகத்தின் திருப்புமுனையாக அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதிலும் அந்தப் பேச்சு சும்மா வரவில்லை. பத்து இலட்சம் பரிசு முத்திரைகளை வென்ற ஒருத்தி, அவற்றைப் புத்தகங்களில் ஒட்ட அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுகிறாள். அவர்கள் ஒட்டிக்கொண்டே அவளுக்குத் தெரியாமல் திருடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சோ, மட்டக்களப்புப் பேச்சோ, மலையகப் பேச்சோ, சென்னைப் பேச்சோ, உங்கள் பாத்திரம் எதைப் பேசுமோ அதைத் தயங்காமல் எழுதுங்கள். இங்கே பிறந்த இளம் நடிகருக்கு உங்கள் வரி வாயில் வராவிட்டால் ஒத்திகையில் அவரைத் திருத்தாதீர்கள், முதலில் அவர் தன் போக்கில் அதை எப்படிச் சொல்வார் என்று கேளுங்கள். அந்த வயதுப் பாத்திரமும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லும். பிரெஞ்சுச் சொல் கலந்து வந்தால், எதிரே நிற்கும் தாய்க்கு அந்தச் சொல் விளங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விளங்காது என்றால் உங்கள் கையிலிருக்கும் இரண்டு வாக்கியத் தாளை எடுத்து, அவள் வெளியே போகும்போது என்ன அறிவாள் என்ற இடத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.